அதிகாரத்தைப் பகிர்ந்தால் செவிலியருக்கு வேலையில் ஈடுபாடு கூடுமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டு பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை. இருநூறு படுக்கைகளுக்கு மேல் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் பொது மருத்துவ வார்டுக்கு இன்சார்ஜ் சிஸ்டராகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். நிர்வாகம் உங்களை ஒரு தலைமைப் பயிற்சிக்கு அனுப்பியது. "செவிலியருக்கு அதிகாரம் கொடுங்கள், ஈடுபாடு தானாக வரும், ஆராய்ச்சிகள் நிரூபித்துவிட்டன" என்று அங்கே சொன்னார்கள். திரும்பி வந்ததும் டியூட்டி ரோஸ்டர் போடுவதை ஒருவரிடமும், ஸ்டோருக்கு இண்டென்ட் (வார்டுக்கு வேண்டிய பொருள்களைக் கேட்கும் சீட்டு) எழுதுவதை இன்னொருவரிடமும், தர ஆய்வுப் படிவங்களை மூன்றாமவரிடமும் ஒப்படைத்தீர்கள். சில மாதங்களில் முணுமுணுப்புதான் கூடியது. இரண்டு பேர் ராஜினாமாக் கடிதமும் கொடுத்துவிட்டார்கள். ஆராய்ச்சி சொல்வது உண்மையா, பயிற்சியாளர்கள் ஊதிப் பெருக்கியதா என்று கேட்கிறீர்கள். உண்மை என்றால் என் வார்டில் மட்டும் ஏன் நடக்கவில்லை என்ற இரண்டாவது கேள்வியும் அதற்குள் இருக்கிறது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

என்னைப் பற்றி ஒரு வரி. வார்டு நர்ஸாகத் தொடங்கி, இன்சார்ஜாகவும் பிறகு நர்சிங் சூப்பிரண்டெண்டாகவும் இருந்துவிட்டு, இப்போது நர்சிங் கல்லூரியில் மேலாண்மைப் பாடம் நடத்துகிறேன். பெரும்பகுதி மருத்துவ வார்டுகளிலும் அறுவை வார்டுகளிலும் ஐ.சி.யு.விலும் கழிந்தது. மனநல மருத்துவமனையிலோ கிராமச் சுகாதாரத்திலோ நான் வேலை பார்த்ததில்லை; அவற்றுக்கு என் பேச்சை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

சுருக்கமான பதில் இது. செவிலியருக்கு அதிகாரத்தைப் பகிரும் தலைமையும் அவர்களுடைய பணி ஈடுபாடும் சேர்ந்தே காணப்படுகின்றன என்பது பல நாடுகளில், பல அளவுகோல்களில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. முன்னது பின்னதை உண்டாக்குகிறது என்பதற்கான சான்று அவ்வளவு உறுதியானதல்ல. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் உங்கள் வார்டைப் பொறுத்தவரை இந்தச் சர்ச்சைக்கே இடமில்லை. ஆராய்ச்சியாளர்கள் எதை அளந்தார்களோ அதை நீங்கள் செய்யவில்லை. நீங்கள் பகிர்ந்தது வேலையை.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். ரோஸ்டர் போடுகிறவருக்கு ஒருவரின் விடுப்பை ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ முடியுமா? அது நர்சிங் அலுவலகத்தின் கையில் இருக்கிறது. இரவுப் பணிக்கு ஆள் குறைந்தால் பக்கத்து வார்டிலிருந்து ஒருவரை வரவழைக்க முடியுமா? முடியாது. ஆக அவருக்குக் கிடைத்தது, நேற்றுவரை தோழிகளாக இருந்தவர்களின் கோபம் மட்டும்தான். இண்டென்ட் எழுதுகிறவர் இருபது கேட்டால் ஸ்டோர் பத்து அனுப்பும். ஏன் பத்து என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. ரவுண்ட்ஸ் நேரத்தில் பொருள் இல்லாமல் போனால் டாக்டரின் பார்வை அவர் மேல் விழும். தர ஆய்வுப் படிவத்தை நிரப்புகிறவர் மாதாமாதம் தரப் பிரிவுக்கு அனுப்பிவைக்கிறார். அங்கிருந்து ஒரு பதிலும் திரும்பி வருவதில்லை. படிவம் அடுத்த என்.ஏ.பி.எச். (மருத்துவமனைத் தரச் சான்று) ஆய்வின்போது கோப்பில் இருந்தால் போதும். சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் பூட்டை மாற்றி வைத்தது போல இது.

இந்தத் துறையில் அதிகம் எடுத்தாளப்படும் அடிப்படை, சமூகவியலாளர் ரோசபெத் மோஸ் கேன்டர் 1977-இல் முன்வைத்தது. அவர் ஆராய்ந்தது அமெரிக்காவின் ஒரு பெரிய தொழில் நிறுவனம், மருத்துவமனை அல்ல. ஒருவருக்கு வேலையில் வலிமை வருவது அவருடைய குணத்தால் அல்ல, அவர் இருக்கும் இடத்துக்கு எவை எட்டுகின்றன என்பதால் என்று அவர் வாதிட்டார். தகவல், வேலைக்கு வேண்டிய வளங்கள், ஆதரவு, வளர்வதற்கான வாய்ப்பு ஆகிய நான்கும் எட்டினால் சாதாரணமானவரும் திறம்படச் செய்வார். எட்டாவிட்டால் திறமைசாலியும் முடங்கிப்போவார். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செவிலியராகவும் பேராசிரியராகவும் இருந்த ஹெதர் லாஷிங்கர் இதைச் செவிலியரிடம் கொண்டுவந்தார். 1990-களில் அங்கே மருத்துவமனைகளைச் சீரமைக்கிறோம் என்ற பெயரில் செவிலியர் பணியிடங்கள் வெட்டப்பட்ட காலம் அது. 2016-இல் மறையும் வரை அவரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வுகளில் ஒரே போக்கைப் பார்க்கலாம்: இந்த நான்கும் தங்களுக்கு எட்டுவதாக உணரும் செவிலியரிடம் நிர்வாகத்தின் மேல் நம்பிக்கையும் மன நிறைவும் கூடுதல், வேலைச் சோர்வு குறைவு.

அவருடைய ஆய்வுகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது 2004-இல் வெளிவந்த ஒன்று. 185 செவிலியரை மூன்றாண்டு இடைவெளியில் இருமுறை கேட்டு ஒப்பிட்டார்கள். தகவல், வளம் போன்றவை எட்டும் அளவு யாருக்குக் கூடியதோ அவர்களுக்குப் பணி நிறைவும் கூடியிருந்தது. 'என்னால் முடியும், என் வேலைக்கு அர்த்தம் இருக்கிறது' என்ற உள்ளுணர்வும் கூடியிருந்தது. ஆனால் அந்த உள்ளுணர்வில் ஏற்பட்ட மாற்றம், பணி நிறைவின் மாற்றத்துக்குத் தன் பங்காகக் கூடுதல் விளக்கம் எதையும் தரவில்லை. பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் அந்த உள்ளுணர்வைத்தான் குறிவைக்கின்றன. கைதட்டல், ஊக்க வாசகங்கள், 'இந்த மாதத்தின் சிறந்த செவிலியர்' என்று லிஃப்ட் அருகே ஒரு புகைப்படம். 185 பேரை வைத்து உலகத்துக்கே முடிவு கட்டக்கூடாதுதான். ஆனாலும் நான் வார்டில் பார்த்தது இதனுடன் ஒத்துப்போகிறது: ஓடாத மானிட்டரைச் சரிசெய்து கொடுத்த இன்சார்ஜ், நன்றாகப் பேசத் தெரிந்த இன்சார்ஜைவிட அதிக விசுவாசத்தைச் சம்பாதித்தார்.

கேன்டரின் இன்னொரு கருத்தை நர்சிங் பாடங்களில் அவ்வளவாகச் சொல்வதில்லை. உங்களுக்கு அதுதான் அவசியம். மேலே அதிகாரம் இல்லாமலும் கீழே பொறுப்பு நிறைய இருந்தும் நடுவில் மாட்டிக்கொண்ட மேற்பார்வையாளர்கள் காலப்போக்கில் விதிகளைப் பிடித்துத் தொங்குகிறவர்களாக, கீழே உள்ளவர்களை இறுக்கிப் பிடிப்பவர்களாக மாறுகிறார்கள் என்று அவர் சொன்னார். பெட்ஷீட்டை எண்ணிக்கொண்டும், கொண்டை சரியில்லை என்று கத்திக்கொண்டும் இருக்கும் வார்டு சிஸ்டரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர் பிறவியிலேயே கடுகடுப்பானவர் என்று நினைத்திருப்போம். அவர் கையில் உண்மையில் என்ன இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். ஆள் எடுக்க முடியாது, சம்பளம் பேச முடியாது, டாக்டரை எதிர்த்து ஒரு சொல் சொல்ல முடியாது. பெட்ஷீட் மட்டும்தான் அவர் ஆட்சிக்கு உட்பட்டது. ஆகவே, "என் செவிலியருக்கு எப்படி அதிகாரம் கொடுப்பது" என்று கேட்பதற்கு முன்னால், "எனக்கு எது கொடுக்கப்பட்டிருக்கிறது" என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பட்டியல் சிறியதாக இருக்கும். அதில் இருப்பதை மட்டுமே உங்களால் பகிர முடியும்.

இனி 'ஈடுபாடு' என்பதற்கு வருகிறேன், ஏனென்றால் இதிலும் நிர்வாகங்கள் ஏமாறுகின்றன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் வில்மார் ஷாஃபெலியும் உடன் பணியாற்றியவர்களும் உருவாக்கி 2002-இல் வெளியிட்ட பதினேழு கேள்விப் பட்டியல்தான் பெரும்பாலான ஆய்வுகளில் பயன்படுகிறது. 2006-இல் அதை ஒன்பது கேள்விகளாகச் சுருக்கினார்கள். வேலையில் உற்சாகம், வேலையின் மேல் பற்று, நேரம் போவது தெரியாமல் ஒன்றிவிடுதல் என்ற மூன்றை அது அளக்கிறது. டபுள் டியூட்டி போட்டாலும் முகம் சுளிக்காமல் செய்பவர் என்பது அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. வாய் திறக்காதவரை ஈடுபாடு உள்ளவர் என்று எடுத்துக்கொள்வது நம் மருத்துவமனைகளில் வழக்கமாகிவிட்டது. முணுமுணுக்கும் செவிலியர் பல நேரங்களில் இன்னும் அக்கறை மிச்சம் இருப்பவர். உங்கள் வார்டில் முணுமுணுப்பு எழுந்தது நல்ல அடையாளமாகக்கூட இருக்கலாம். உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

அதிகாரப் பகிர்வும் ஈடுபாடும் எந்த வழியாக இணைகின்றன? 1990-இல் வில்லியம் கான் என்ற ஆய்வாளர், ஒரு கோடைக்கால முகாமின் பணியாளர்களையும் ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தாரையும் கூர்ந்து கவனித்து எழுதியதில், மனிதர் தன்னை முழுதாக வேலையில் கொடுப்பதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு என்றார். செய்வதில் அர்த்தம் தெரிய வேண்டும். மனதில் பட்டதைச் செய்தால், சொன்னால் தனக்குக் கேடு வராது என்ற பாதுகாப்பு வேண்டும். கொடுப்பதற்கு உடம்பிலும் மனதிலும் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். செவிலியருக்கு முதலாவதைப் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. மூச்சுத் திணறலோடு வந்தவர் நடந்து வீட்டுக்குப் போவதைப் பார்க்கிறவருக்கு வேலையின் அர்த்தம் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். நம் வார்டுகளில் பற்றாக்குறை இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான். இன்சார்ஜ் ஒருவரின் நடத்தை நேரடியாகத் தொடக்கூடியது இரண்டாவது.

அதற்கு ஓர் உதாரணம். இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் ரத்த அழுத்தம் இறங்குகிறது. டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டால் "காலையில் பார்க்கலாம்" என்கிறார். செவிலியருக்குத் திருப்தி இல்லை. அவரைத் தாண்டி மூத்த மருத்துவரை எழுப்புகிறார். வந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. மறுநாள் காலை ஷிப்ட் மாறும் ஹேண்ட் ஓவர் நேரத்தில் இன்சார்ஜ் என்ன செய்கிறார் என்பதை அந்த வார்டே கவனித்துக்கொண்டிருக்கும். "எதற்கு இந்த வேண்டாத வேலை" என்றாலோ, டாக்டரின் புகார் வந்ததும் மெமோவில் கையெழுத்து வாங்கினாலோ, அன்றோடு அந்த வார்டில் யாரும் யாரையும் தாண்டிக் கூப்பிட மாட்டார்கள். "சந்தேகம் வந்தது, கூப்பிட்டாய், சரிதான், டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னால், ரோஸ்டரை ஒப்படைப்பதைவிடப் பத்து மடங்கு அதிகாரத்தைக் கொடுத்துவிட்டீர்கள். செலவு எதுவும் இல்லை. டாக்டரின் முகச்சுளிப்பை நீங்கள் தாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிப் பின்னால் நின்று கொடுக்கும் அதிகாரத்துக்கு, மருத்துவ உலகம் நன்றாக அறிந்த சான்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கிறது. ஐ.சி.யு.வில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக் குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய், அதாவது கத்தீட்டர்) போடும்போது ஏற்படும் ரத்தத் தொற்றைக் குறைக்க, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் ஐந்து எளிய படிகளை முன்வைத்தார்: கை கழுவுதல், முழு உடல் மறைப்பு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைச் சுத்தம் செய்தல், முடிந்தவரை தொடையில் உள்ள ரத்தக் குழாயைத் தவிர்த்தல், தேவையில்லாத லைனை எடுத்துவிடுதல். இவை எந்த மருத்துவருக்கும் தெரியாதவை அல்ல. புதியது என்னவென்றால், படி ஒன்று தவறினால் மருத்துவரை நிறுத்தும் உரிமை செவிலியருக்குக் கொடுக்கப்பட்டது. நிறுத்தினால் நிர்வாகம் செவிலியர் பக்கம் நிற்கும் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. 2006-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் முடிவு வந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யு.க்கள் பங்கேற்றன, ஆயிரம் கத்தீட்டர் நாட்களுக்கு 2.7 ஆக இருந்த தொற்றின் இடைநிலை அளவு மூன்று மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்து, ஆய்வு முடியும் வரை அங்கேயே நின்றது.

இதைச் சொல்லும்போது அடக்கமும் தேவை. அந்த ஆய்வு செவிலியரின் ஈடுபாட்டை அளக்கவில்லை, தொற்றை அளந்தது. தேவையான பொருள்களை ஒரே தள்ளுவண்டியில் வைத்தது, மாதாமாதம் எண்ணிக்கையை வார்டுக்கே திருப்பிச் சொன்னது என்று பல மாற்றங்கள் சேர்ந்து நடந்தன. செவிலியரின் உரிமை எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. இங்கிலாந்து இதே திட்டத்தைத் தன் ஐ.சி.யு.க்களில் நடத்தியபோது தொற்று குறைந்தது, ஆனால் திட்டத்தில் இன்னும் சேராத பிரிவுகளிலும் குறைந்துகொண்டுதான் இருந்தது. மேலிருந்து திணிக்கப்பட்டதாகவே பல பிரிவுகள் அதைப் பார்த்தன. சட்டைப்பையில் படிவத்தைச் செருகிவிட்டால் உரிமை வந்துவிடாது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். இது என் வாசிப்பு. எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு அல்ல.

முன்பு ஒத்திவைத்த சந்தேகத்துக்கு இப்போது வருகிறேன். அதிகாரம் பகிரும் தலைமை பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே செவிலியரிடம், ஒரே நாளில், ஒரே தாளில், "உங்கள் இன்சார்ஜ் எப்படி" என்றும் "உங்களுக்கு வேலையில் உற்சாகம் உண்டா" என்றும் கேட்டு, இரண்டு விடைகளும் சேர்ந்து ஏறி இறங்குவதைக் காட்டுபவை. உற்சாகமாக இருப்பவருக்கு இன்சார்ஜும் நல்லவராகத் தெரிவார். ஆர்வமான செவிலியருக்குத்தான் இன்சார்ஜ் அதிகம் விட்டுக்கொடுப்பார் என்பதும் நடக்கக்கூடியதே. அப்படியானால் காரணமும் விளைவும் தலைகீழ். வெறுத்துப் போனவர்கள் ஏற்கெனவே வேலையை விட்டுப் போயிருப்பார்கள். அவர்கள் தாளில் இல்லை. நம் ஊரில் இன்னொன்றும் சேர்கிறது. படிவத்தை நிரப்பி நர்சிங் அலுவலகத்தில் கொடுக்கச் சொன்னால், எந்தச் செவிலியர் சூப்பிரண்டெண்டுக்கு மதிப்பெண் குறைப்பார்? என் மாணவியரின் ஆய்வேடுகளில், கேள்வித்தாளை யார் கையில் திருப்பிக் கொடுத்தார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

இந்தக் குறைகளோடும் ஒரு தொகுப்பாய்வு கவனிக்கத்தக்கது. அலன் லீயும் உடன் ஆய்வாளர்களும் 2018-இல் முப்பது நாடுகளைச் சேர்ந்த 105 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தார்கள். எல்லாத் துறைகளும் அதில் உண்டு. அதிகாரம் பகிரும் தலைமை, புதிய யோசனைகளையும் சக ஊழியருக்குத் தானாக உதவும் மனப்பான்மையையும்தான் அதிகம் வளர்க்கிறது. அன்றாட வழக்கமான வேலையின் தரத்தில் அதன் பங்கு குறைவு. வார்டுக்கு இதை இப்படிப் பொருத்தலாம்: எட்டு மணி மருந்து கொடுக்கும் வேலை இதனால் பெரிதாக மேம்படாது, அது நெறிமுறையாலும் ஆள் பலத்தாலும் மேம்படும், ஆனால் "இந்த மருந்து போன வாரமும் இவருக்குத் தடிப்பு கொடுத்ததே" என்று வாய் திறந்து சொல்வது இதனால் கூடும். இன்னொரு முடிவு, 'நம் ஆட்களுக்குச் சுதந்திரம் ஒத்துவராது, உத்தரவு போட்டால்தான் நடக்கும்' என்று சொல்பவர்களுக்கானது: கீழை நாடுகளில் இந்தத் தலைமையின் பலன் மேலை நாடுகளைவிடக் கூடுதலாகவே தெரிந்தது.

அதே தொகுப்பில் நிறுவனத்தில் அனுபவம் குறைந்தவர்களிடம் பலன் அதிகம் என்றும் வந்திருக்கிறது. இங்கே என் அனுபவம் முரண்படுகிறது. படிப்பை முடித்து நேராக வார்டுக்கு வரும் புதியவருக்கு முதல் ஆண்டில் வேண்டியது தெளிவான நடைமுறையும் பக்கத்திலேயே ஒரு மூத்தவரும். "நீயே முடிவெடு" என்றால் அவர் பயந்துதான் போவார். நிறுவனத்துக்குப் புதியவர் என்பதும் தொழிலுக்கே புதியவர் என்பதும் வேறு வேறு என்பதால் இந்த முரண் வரலாம் என்று ஊகிக்கிறேன். அதிகாரம் பகிர்வதற்கு இரண்டு முகங்கள் உண்டு, ஒன்று திறனைக் கூட்டும், மற்றது பாரத்தையும் பதற்றத்தையும் ஏற்றும் என்று 2016-இல் ஓர் ஆய்வு காட்டியது. உங்கள் வார்டில் நடந்தது இந்த இரண்டாவது முகம்.

தெம்பைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் இன்சார்ஜால் ஆகக்கூடியது மிகக் குறைவு. செவிலியர் பணி ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டது இன்றும் அடித்தளமாக நிற்கிறது: ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை நோயாளிகள் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், செவிலியர் சோர்ந்துபோகும் வாய்ப்பு 23 விழுக்காடும் கூடியது. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் பார்த்தபோதும் இறப்புக்கு அதே 7 விழுக்காடுதான் வந்தது. இதுவும் தொடர்பைக் காட்டும் ஆய்வே என்றாலும், மாதிரி பெரியது, இறப்பு என்பது யாருடைய அபிப்பிராயமும் அல்ல. அதனால் இதன்மேல் எனக்கு நம்பிக்கை அதிகம். இரவில் முப்பது படுக்கைக்கு இரண்டு பேர் நிற்கும் வார்டில் தலைமைப் பாணியை மாற்றி ஈடுபாட்டை வளர்க்கலாம் என்று சொல்கிறவர், ஆள் போடும் செலவைத் தவிர்க்கப் பார்க்கிறார் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

செவிலியர் தாங்களே நிர்வகிக்கும் அமைப்புக்கு உதாரணமாகப் பயிற்சிகளில் நெதர்லாந்தின் பூர்ட்ஸோர்கைக் காட்டுவார்கள், உங்களுக்கும் காட்டியிருக்கலாம். யோஸ் டி ப்ளோக் என்ற செவிலியர் 2006-இல் தொடங்கிய வீட்டுச் செவிலியர் அமைப்பு அது. பன்னிரண்டு பேருக்கு மிகாத குழுக்கள், மேலாளர் கிடையாது, ரோஸ்டர், புதிய ஆள் சேர்ப்பு, எந்த நோயாளியை ஏற்பது எல்லாமே குழுவின் முடிவு. ஆனால் கணக்கையும் கட்டண வசூலையும் ஒரு சிறிய தலைமை அலுவலகம் பார்த்துக்கொள்கிறது; சிக்கல் வந்தால் வழிகாட்டும் பயிற்றுநர் இருக்கிறார்; காகித வேலையைக் குறைக்கும் கணினி முறை இருக்கிறது. உங்கள் ரோஸ்டர் சிஸ்டருக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஆள் எடுக்கும் உரிமை இல்லாமல் ரோஸ்டரை மட்டும் அங்கிருந்து கொண்டுவந்தால் மிஞ்சுவது சண்டைதான்.

நெதர்லாந்துக்குப் போகாமல் தமிழ்நாட்டிலேயே பார்க்கலாம். 2000-களின் நடுவிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை நியமித்து இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் முறை வந்தபோது, இயல்பான பிரசவங்களைச் செவிலியரே பார்த்தார்கள். வலிப்பு வந்தால் மக்னீசியம் சல்பேட்டின் முதல் ஊசியைப் போட்டு மேல் மருத்துவமனைக்கு அனுப்பலாம் என்று அவசரநிலைக்கான மருந்து அதிகாரமும் எழுத்தில் கொடுக்கப்பட்டது. எது செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்பது தெளிவு. நான் அங்கே வேலை பார்த்தவள் அல்ல. ஆனால் அங்கிருந்து மேற்படிப்புக்கு வந்த மாணவியர் பேசும்போது ஒரு நிமிர்வு தெரியும். அதே அரசுத் துறையில்தான் 2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஒப்பந்த முறையில் எடுக்கப்பட்ட செவிலியர், பணி நிரந்தரமும் சம உழைப்புக்குச் சம ஊதியமும் கேட்டு 2017 நவம்பரில் சென்னையில் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். பிரசவ அறையில் அவ்வளவு பொறுப்பு, வேலையோ ஒப்பந்தத்தில். கேன்டர் சொன்ன நான்கில் 'வாய்ப்பு' என்பது எட்டாமல் போனால் மற்ற மூன்றும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்காது.

தனியாரிலும் இதே கதைதான். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2016-இல் அமைக்கப்பட்ட குழு, இருநூறு படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் செவிலியர் ஊதியம் அந்த மாநில அரசுச் செவிலியர் ஊதியத்துக்கு இணையாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. உங்கள் மருத்துவமனை அந்தப் பிரிவில் வருகிறது. உங்கள் செவிலியரின் சம்பளச் சீட்டை ஒருமுறை பாருங்கள். ராஜினாமாக் கொடுத்த இருவரும் உங்களால் போகிறார்கள் என்று முடிவுகட்டுவதற்கு முன், வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ விண்ணப்பித்து எத்தனை நாளாகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் நீங்கள் இன்சார்ஜ் ஆவதற்கு முன்பே தொடங்கியிருப்பார்கள்.

நடைமுறைக்கு என்ன செய்யலாம்? ஒப்படைத்த மூன்றில் இண்டென்டையும் ஆய்வுப் படிவத்தையும் இப்போதைக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. ரோஸ்டரை விடாதீர்கள், ஆனால் ஒருவர் தலையில் வைக்காமல், வெற்றுத் தாளைப் பத்து நாள் முன்னதாக வார்டில் ஒட்டி அவரவர் விருப்பத்தை எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதத்தில் ஒருவருக்கு எத்தனை இரவு, பண்டிகை நாளில் யார் முறை என்ற விதிகளை எல்லோருமாக முதலில் பேசி முடியுங்கள். மோதல் வந்தால் தீர்ப்பது நீங்கள். அந்தப் பழி இன்சார்ஜுடையது, அதைக் கீழே தள்ளக்கூடாது. புதிதாக ஒரு வேலையை ஒருவருக்குக் கொடுக்கும்போது அவரிடமிருந்து ஒன்றை எடுங்கள். எடுக்க எதுவும் இல்லையென்றால் கொடுக்காதீர்கள். நன்றாகச் செய்கிறார் என்பதற்காக ஒரே செவிலியரிடம் எல்லாவற்றையும் குவிப்பது நம்மிடம் உள்ள பெரிய வியாதி. வார்டின் சிறந்த செவிலியரை இழக்க அதுவே குறுக்கு வழி.

தகவலைப் பொறுத்தவரை உங்களால் நிறையச் செய்ய முடியும். கீழே விழுந்த நோயாளிக்காகச் செவிலியர் சம்பவ அறிக்கை எழுதினால் அது எங்கே போனது, என்ன முடிவானது என்று இரண்டு வாரத்துக்குள் அவருக்கு நேரில் சொல்லுங்கள். "ஒன்றும் செய்யவில்லை, நான் மறுபடி எழுதியிருக்கிறேன்" என்பதும் பதில்தான். ஸ்டோர் ஏன் பத்து அனுப்பியது என்று கேட்டுவந்து வார்டில் சொல்லுங்கள். சூப்பிரண்டெண்டிடம் போய்ப் பொதுவாக 'அதிகாரம் வேண்டும்' என்று கேட்காதீர்கள், யாரும் தர மாட்டார்கள். இரவில் ஆள் குறைந்தால் எந்த எண்ணிக்கைக்குக் கீழே புதிய அட்மிஷனை நிறுத்திவைக்க இன்சார்ஜுக்கு உரிமை உண்டு என்று ஒரே ஒரு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால் அதை இரவுப் பணியின் மூத்த செவிலியருக்கு அப்படியே கைமாற்றிவிடுங்கள். ஆய்வாளர்கள் அளந்தது அந்த மாதிரியான ஒன்றைத்தான்.

மாற்றம் வந்ததா என்று பார்க்க ஒன்பது கேள்விப் பட்டியலைக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெயர் எழுதாமல், பூட்டிய பெட்டியில், உங்கள் கையெழுத்து தெரிந்த தாளாக இல்லாமல் கொடுத்தால் சரி. ஆனால் பதினைந்து பேர் உள்ள வார்டில் சராசரி எடுத்து முன்பு 3.8, இப்போது 4.1 என்று நிர்வாகத்திடம் காட்டாதீர்கள். இரண்டு பேர் மனநிலை மாறினாலே அந்த எண் மாறிவிடும். அதற்குப் பதிலாக வார்டிலிருந்து இரவில் மருத்துவருக்குப் போகும் அழைப்புகளையும், செவிலியர் தாமாக எழுதும் சம்பவ அறிக்கைகளையும் ஆறு மாதம் எண்ணிக்கொண்டு வாருங்கள். இரண்டும் முதலில் கூடும். கூடியதைப் பார்த்து யாராவது உங்களிடம் விளக்கம் கேட்டால், அதற்கான பதிலை முன்கூட்டியே தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.